நடுவில் கிடந்த ஒன்றேகால் ஏக்கர்

அந்த வெள்ளைக் கார் நம் தெருமுனையில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டு கிடந்ததே, அதில் வந்தவன் பெண் பார்க்க வந்தவன் என்று மூலைவீட்டுக்காரி கிளப்பிவிட்டிருக்கிறாளாம். என் வீட்டில் பெண் என்றால் நான் ஒருத்திதான் கண்ணு! மீதி இருக்கிற நாலு பல்லை வைத்துக்கொண்டு எவனுக்குக் கழுத்தை நீட்டுவேன்? சிரி, சிரி. அவன் நிலம் வாங்க வந்தவன். ஓசூர்ப் பக்கத்து ஆள். உள்ளே வந்து உட்கார்ந்தவன் நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஆயா, காபி நல்லாருக்குது, நம்ம வூட்டு மாட்டுப் பாலா?" என்றான். "முட்டி வலி இப்ப எப்பிடி இருக்குதுங்க?" என்றான். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. இருபது வருஷமாக நான் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள் அவை. அதை என்னிடமே கேட்கிறான்.

நீ இந்தத் தெருவுக்குக் குடிவந்து மூன்று மாதம்தானே ஆகிறது, உனக்குத் தெரியாது. நான் நிலம் வாங்கி விற்கிறவள். அந்த முறத்தை இப்படித் தள்ளிவிட்டு உட்கார், சொல்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இன்றைக்கும் கைநாட்டுதான். ஆனால் காரிமங்கலத்தில் பஸ் ஏறினால் பாலக்கோடு போய்ச் சேரும் வரை இரண்டு பக்கமும் எது யாருடைய காடு, எந்தக் கிணற்றில் எத்தனை பேருக்குப் பங்கு, எந்த வரப்பில் தகராறு என்று சொல்லிக்கொண்டே வருவேன். ஒருநாள் கண்டக்டர், "ஆயா, நீ டிக்கெட் எடுக்க வேணாம், இப்பிடி பேசிக்கினே வா, போதும்" என்றான். பொம்பளைகளுக்கு எப்படியும் டிக்கெட் காசு இல்லை, அது வேறு விஷயம்.

எப்படி ஆரம்பித்தேன் என்றால், ரோட்டை அகலப்படுத்தும்போது எங்களுடைய அரை ஏக்கர் போயிற்று. அதற்குச் சர்க்கார் பணம் வந்த வருஷம் என் வீட்டுக்காரர் இல்லை. நகை வாங்கு என்றாள் என் நாத்தனார். வட்டிக்கு விடு என்றான் கொழுந்தன், அவனுக்கே விட வேண்டும் என்பது அவன் எண்ணம். நான் யாருக்கும் பதில் சொல்லாமல் ரோட்டுக்குப் பின்னால் கல்லங்காடு இரண்டு ஏக்கர் வாங்கினேன். கொள்ளுகூட முளைக்காத காடு. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாலு வருஷத்தில் அதற்குப் பக்கத்தில் ஒரு காலேஜ் வந்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை, கொழுந்தன் மட்டும் அடிக்கடி காபி குடிக்க வந்தான்.

நிலம் வாங்குவதில் பணம் கொடுப்பது ஒரு வேலையே இல்லை கண்ணு. கொடுக்க மாட்டேன் என்கிறவர்களைக் கொடுக்க வைப்பதுதான் வேலை. முதல் நாள் போய் விற்கிறீர்களா என்று கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் கேட்கவே மாட்டேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தால் நானும் உட்கார்ந்து உரிப்பேன். தக்காளிக்கு விலை விழுந்ததா என்று கேட்பேன். மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், மாமியார்க்காரி பொழுது சாயும்வரை விடமாட்டாள். பத்துத் தடவை போன பிறகு அவர்களே கேட்பார்கள், "நீ எதுக்கும்மா வந்த?" என்று. அப்போதுதான் சொல்வேன்.

ஒரே இடத்தில்தான் தோற்றேன். கன்னடம் பேசுகிற குடும்பம், என்னைவிட வயதான ஒரு அம்மா. எட்டு மாதம் போனேன். ஒவ்வொரு தடவையும் ராகிக் களி போட்டு, கீரைக் குழம்பு ஊற்றி, நான் வாயைத் திறந்ததும் "கொடல்ல" என்பாள். தரமாட்டேன் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைதான். எட்டு மாதம் களி தின்றதுதான் மிச்சம். ஆனால் என்ன களி தெரியுமா! உருண்டையைத் தொட்டால் விரலில் ஒட்டாது. சரி, அந்தக் கதை வேண்டாம், எங்கே விட்டேன்?

இந்த ஓசூர்க்காரன் வாங்குகிற நிலம். அது ஒன்றேகால் ஏக்கர். அதற்கு இந்தப் பக்கம் ஒரு துண்டும் அந்தப் பக்கம் ஒரு துண்டும் நான் முன்பே வாங்கிவிட்டேன். ரோட்டு முகம் மட்டும் நடுவில் இருந்த அந்த ஒன்றேகாலில் இருந்தது. அது இல்லாமல் என் இரண்டு துண்டுக்கும் வண்டி போக வழி கிடையாது. அது ஒரு பெரியவருடையது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி மகன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, பகலெல்லாம் காட்டிலேயே கிடப்பார். ஒரு பாழுங்கிணறு, அதன் ஓரத்தில் ஒரு புங்கமரம், மேலே தகரம் போட்ட மோட்டார் ரூம். மோட்டார் ஓடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. மழைக்கு ராகியும் அவரையும் போடுவார்.

வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். நாலாவது தடவையே மனுஷன் கண்டுபிடித்துவிட்டார்.

"ரெண்டு பக்கமும் வாங்கிட்ட. நடுவுல நான் முள்ளு மாதிரி குத்தறேன். அதான தங்கச்சி?"

"அய்யே, அப்பிடி எல்லாம் இல்லீங்கண்ணா."

"பின்ன, என் அவரக்கா உரிக்கறதுக்கா பஸ் ஏறி வர்ற?"

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வாங்குகிற நிலத்துக்காரரைப் பிடித்துப்போகக் கூடாது கண்ணு. அது எனக்குத் தெரியும். இருந்தும் போனேன், வந்தேன். ஏன் விற்க மாட்டேன் என்கிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை. நான் சொன்ன விலை குறைவில்லை. அவருக்குப் பின்னால் உழுகிற ஆளும் இல்லை.

ஒரு மாசி மாதத்தில் அதைச் சொன்னார். அவருக்கு ஒரே பையன். பெங்களூரில் ஏதோ கடை வைக்க வேண்டும், இந்த நிலத்தை விற்றுக்கொடு என்று கேட்டிருக்கிறான். நான் செத்த பிறகு விற்றுக்கொள் என்று இவர் சொல்லியிருக்கிறார். "நீ செத்தாக்கூட வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த சட்டையோடு போய்விட்டான். போய் ஒன்பது வருஷம். போன் நம்பர் இப்போது வேறு யாருக்கோ போகிறது. கன்னடத்தில் பேசுகிறார்கள், வைத்துவிடுகிறார்கள்.

"அவன் திரும்பி வந்தா எங்க வருவான்? தம்பி மவன் வூட்டுக்கா வருவான்? இங்கதான் வருவான். இதையும் நான் வித்துட்டா அவன் எங்க வந்து நிப்பான்?" என்றார்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. இத்தனை வருஷப் பழக்கம், இந்த வாய்க்கு எங்கே தட்டினால் திறக்கும் என்று தெரியும்.

"ண்ணா, அவன் கோவிச்சுக்கினு போனதே இத நீங்க விக்கலன்னுதான். இத இப்பிடியே வெச்சிருந்தா எப்பிடி வருவான்? வித்துட்டீங்கன்னு காதுல வுழுந்தா, அன்னிக்கே பஸ் ஏறிடுவான்."

பெரியவர் உரித்த அவரையை முறத்தில் அப்படியும் இப்படியும் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

அம்மா என்றால் அவர் ஊர் மாரியம்மன். உங்கள் ஊரில் பூ கேட்கிற வழக்கம் உண்டா? இங்கே பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, ஆபரேஷன் செய்வது, எல்லாவற்றுக்கும் பூ கேட்டுவிட்டுத்தான். பூசாரி இரண்டு பூவைத் தண்ணீரில் நனைத்து அம்மன் சிலையின் வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று ஒட்டுவார். கேட்கிறவர் கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனதில் நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வலது பக்கம் முதலில் விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் இல்லை. சில நாள் இரண்டுமே விழாது. நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர்கள் உண்டு.

நானும் கூடப் போனேன். போயிருக்கத் தேவையில்லை, ஆனால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நான் கண்ணை மூடவில்லை. வலது பக்கத்துப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூவிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, பூ அசையவில்லை. பூசாரி கொட்டாவி விடுகிறார். என் முட்டி கடுக்கிறது. அம்மா தாயே, எனக்கு அந்த வண்டித்தடத்தைக் கொடுத்துவிடு, உனக்குப் புடவை சாத்துகிறேன் என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன்.

வலது பக்கம் விழுந்தது.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, என் பேத்தி பிறந்தபோதுகூட அவ்வளவு இல்லை. பெரியவர் முகத்திலும் சந்தோஷம். கன்னத்தில் போட்டுக்கொண்டு, கீழே விழுந்த பூவை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், "எழுதிடலாம் தங்கச்சி" என்றார். அடுத்த முகூர்த்தத்தில் பத்திரம். என் காலத்துக்குப் பிறகு அலைச்சல் வேண்டாம் என்று என் மகன் பெயரிலேயே பதிந்தேன். அம்மனுக்குப் புடவையும் சாத்திவிட்டேன், மஞ்சளில் சிவப்புக் கரை.

பத்திர ஆபீஸில் வேலை முடிந்து ஓட்டலில் உட்கார்ந்தோம். எப்போதும் அளந்து பேசுகிற மனுஷன் அன்றைக்குத் தானாகப் பேசுகிறார். பையனுக்கு என்ன பிடிக்கும், சின்ன வயதில் கிணற்றில் எப்படிக் குதிப்பான், புங்கமரத்திலிருந்து விழுந்து இடது காலை முறித்துக்கொண்டு அதிலிருந்து எப்படிச் சாய்ந்து நடப்பான், எல்லாம். பணத்தை அப்படியே பாங்கியில் போட்டுவிடப் போகிறாராம், பையன் வந்ததும் எடுத்துக் கொடுப்பாராம்.

"வந்துடுவான், இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றார்.

"எப்பிடிண்ணா சொல்றீங்க? ஏதாச்சும் சேதி வந்துச்சா?"

"நீதான் கூட நின்னியே. வலப்பக்கம் குடுத்துட்டாளே அம்மா."

"அது நெலத்த விக்கறதுக்குண்ணா..."

"அத எதுக்கு அம்மாகிட்ட கேக்கணும்? அதான் நீ சொல்லிட்டியே. எம் பையன் வருவானான்னு கேட்டேன். வருவான்னுட்டா."

 பத்திரம் பதிவாகிவிட்டது, பணம் கைமாறிவிட்டது. இனி என்ன பேசுவது? "சட்னி போட்டுக்கோங்கண்ணா" என்றேன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். நிலத்தில் உடனே கல் நட வேண்டாம், கொடி கட்ட வேண்டாம். கிணற்றையும் மரத்தையும் பார்த்துத்தான் பையன் அடையாளம் கண்டுபிடிப்பான், அதெல்லாம் இல்லாவிட்டால் வேறு இடமென்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவான் என்றார். சரி என்றேன். அதில் எனக்கும் நஷ்டமில்லை, கிடந்தால் விலை ஏறும்.

அப்புறம் சந்தைக்கு வருகிற நாளெல்லாம் என் வீட்டுக்கு வருவார். இதோ, நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்காருவார். தோளில் ஒரு பச்சைத் துண்டு. ஒரே கேள்வி. "யாராச்சும் வந்து கேட்டாங்களா தங்கச்சி?" இல்லை என்பேன். மோர் குடிப்பார், போய்விடுவார். ஒரு வருஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. ஓசூரில் வேலை செய்கிற என் மகன் வாரம் தவறாமல் போன் போட்டு, "எப்பம்மா குடுக்கப்போற, பார்ட்டி ரெடியா இருக்குது" என்பான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கொடுக்க மாட்டேன் என்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும் அல்லவா, அதே மாதிரிதான் பேசினேன்.

திடீரென்று இரண்டு சந்தை அவர் வரவில்லை. நான் பார்க்கப் போனேன். தம்பி மகன் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாப்பிடுவதில்லை என்றாள் தம்பி மகனின் பெண்டாட்டி. "அவரு முடிவு பண்ணிட்டாருங்க. கஞ்சியக்கூட தள்ளிவுட்டுடறாரு" என்று அவர் காதுபடவே சொன்னாள். என் குரலைக் கேட்டு மெல்லத் திரும்பினார். கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. கண்ணால் பார்த்தார்.

அந்த வாரம் ஒரு புரோக்கர் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். என் வாய் இருக்கிறதே, அது மறுபடியும் தானாகத் திறந்தது.

"வந்தாங்கண்ணா. ஒருத்தன் வந்து கெணத்தோரம் நின்னுட்டுப் போனான்."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஆளு எப்பிடி? ஒல்லியா?"

"ஆமாண்ணா."

"மாநெறமா?"

"ஆமா."

"எடது காலு சாச்சு நடந்தானா?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். இல்லைண்ணா, நேராகத்தான் நடந்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்ல வரவில்லை. "ஆமாண்ணா, லேசா" என்றேன்.

மறுநாளே நடந்து காட்டுக்கு வந்துவிட்டார். மோட்டார் ரூமைப் பெருக்கி, ஒரு கட்டிலையும் குடத்தையும் போட்டுக்கொண்டார். அவன் மறுபடி வரும்போது ஆள் இல்லாமல் போய்விடக் கூடாதாம். நாலு மாதமாக அங்கேதான் இருக்கிறார். சந்தைக்கும் வருவதில்லை. தம்பி மகன் ஒருவேளை சோறு கொண்டுபோகிறான், மற்றது நான்.

இப்போது கேள். என்னைக் கேட்காமலே என் மகன் அட்வான்ஸ் வாங்கி எழுதிக்கொடுத்துவிட்டான். நிலம் அவன் பெயரில்தானே இருக்கிறது. அந்த ஓசூர்க்காரன் காபியெல்லாம் குடித்து முடித்த பிறகு சொன்னான், "வெள்ளிக்கெழம ஜேசிபி வருதுங்க ஆயா. மொதல்ல அந்தக் கெணத்த மூடிட்டு ரூம எடுக்கணும். உள்ள ஒரு பெரியவரு இருக்கறாரு. நீங்க சொன்னா கேப்பாருன்னு உங்க பையன் சொன்னாரு." மகனுக்குப் போன் போட்டேன். "நீதானம்மா பொய் சொல்லி உக்கார வெச்ச, நீயே போய் எழுப்பு" என்றான். அவன் சொன்னதில் என்ன தப்பு?

மத்தியானம் தூக்குப்போசியில் சோறு போட்டுக்கொண்டு போனேன். பாதிச் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதுவரை ஒரு நிலக்காரரிடமும் இவ்வளவு நேராகப் பேசியதில்லை கண்ணு.

"ண்ணா, அன்னிக்கு வந்தது உங்க பையன் இல்ல. ஒரு புரோக்கரு. நீங்க சாப்புடாம கெடந்தீங்கன்னு நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படுவார், அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"கெட்டிக்காரி தங்கச்சி நீ. ரூம காலி பண்ணணும், அதான? இன்னிக்குக் காலையிலகூட ஒருத்தரு வந்து அளந்துட்டுப் போனாரு."

"அம்மா மேல சத்தியமா அது புரோக்கருதாண்ணா."

"எடது காலு சாச்சு நடந்தான்னு நீதான சொன்ன?"

"நீங்க கேட்டீங்க, நான் ஆமான்னேன்."

"மாநெறம், ஒல்லி, காலு. எல்லா அடையாளமும் சரியாச் சொன்ன. பாக்காத ஆளோட அடையாளத்த எப்பிடிச் சொல்ல முடியும்?" என்றவர், பொடிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்: "நீ பேசிப் பேசி வாங்கறவ. எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நீ சொன்னது நெசம். இன்னிக்குச் சொல்றதுதான் பேச்சு. எம் பையன் வந்த அன்னிக்கே நான் காலி பண்ணிடறேன். ஒரு நாள்கூட சேத்து இருக்கமாட்டேன். போ, வெயில் ஏறுது."

நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன சொன்னாலும் அதைத் தொழில் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்வார்.  அவர் கிணற்று மேட்டில் முளைத்த புல்லைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார், பையன் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். தம்பி மகனைக் கூட்டிப்போகலாம் என்றால், அவன் தூக்கிக்கொண்டுதான் வருவான், நடக்க வைத்து அழைத்து வரமாட்டான். நீ படித்தவள், நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாரா? உன்னை அவருக்கு முன்னே பின்னே தெரியாது, அதனால் ஒருவேளை நம்பு... இரு இரு, குழாய் சீறுகிறதே! தண்ணீர் விட்டுவிட்டான். ஆறு நாள் கழித்து வருகிறது, அரைமணி நேரம்கூட நிற்காது. அந்தக் குடத்தை எடு கண்ணு, இல்லை, அது ஓட்டை, பச்சைக் குடம். நீயும் போ, உன் வீட்டிலும் பிடிக்க வேண்டாமா, போ, ஓடு.